பாப்பம்

இரும் தம்பி, இரும். அந்தக் கதிரை ஆடும், இதிலை இரும். கேதீஸ் ஒரு தலையைக் கையிலை எடுத்தானெண்டால் லேசிலை விடமாட்டான். உமக்கு முன்னாலை நான் ஒருத்தன்தான். அவசரமில்லைத்தானே? ஞாயிற்றுக்கிழமையிலை ஆருக்கு என்ன அவசரம்.

புது முகமாக் கிடக்கு. எவ்விடம்? லெஸ்ரரோ? சரி. இஞ்சை வீடு வாங்கியிட்டீரோ, வாடகையோ? வாடகையெண்டால் என்ன, வோட்டுப் பதியலாம். பதிஞ்சிட்டீரோ? இல்லை, சும்மா கேட்டனான். எங்கட சனம் உதுகளைச் செய்யாது பாரும். கலியாண வீட்டு வீடியோவிலை தன்ரை முகம் வந்திட்டுதோ எண்டு திருப்பித் திருப்பிப் பாக்க நேரமிருக்கு, வோட்டுப் பதிய நேரமில்லை.

என்னைத் தெரியேல்லையோ? தில்லையம்பலம். கேதீஸைக் கேளும், சொல்லுவான். என்ன கேதீஸ்? பாரும், சிரிக்கிறான். கத்தரிக்கோலைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்காதை, உந்த மனுசன்ரை காதை அறுத்துப்போடுவாய்.

போன ஐப்பசியிலை இஞ்சை ஹெதர்பீல்டிலை ஒரு இடைத்தேர்தல் நடந்தது. பார்லிமெந்துக்கு. ரீவியிலையும் காட்டினவங்கள், கண்டிருப்பீர். பழைய எம்.பி எங்கட கட்சிக்காரன். கனகாலம் இருந்தவன். ஒரு நாள் விடிய எழும்பி, குடும்பத்தோடை நேரம் செலவழிக்கப் போறன் எண்டு அறிக்கை விட்டிட்டுப் போட்டான். அடுத்த மாசம் பாத்தால் ஒரு பெரிய கொம்பனியிலை ஆலோசகர். அந்தக் கொம்பனிதான் அவற்றை குடும்பமாக்கும்.

சரி, அவன் போகட்டும். அந்த இடத்துக்கு எங்கட கட்சி நிப்பாட்டினது ஆரை? டங்கன் எண்டொரு பெடியன். நீளக் கழுத்து, நாடியெண்டு ஒண்டு இல்லை. சொந்த இடம் எங்கையோ குதிரை மேய்க்கிற பக்கம். முதல் கூட்டத்திலை எழும்பி நிண்டு, 'என் அன்பான ஹெதர்போர்ட் மக்களே' எண்டான். ஹெதர்போர்ட்! அது வேறை ஊர், தம்பி. அங்கை தேர்தலே இல்லை. சனமும் கைதட்டினதுதான். நானும் தட்டினன், முன்வரிசையிலை இருந்தால் தட்டத்தானே வேணும்.

ஏன் முன்வரிசை எண்டு கேளும். கட்சிக்கு ஒரு ஏஜென்ற் இருக்கிறாள், பிலிப்பா எண்டு. எலெக்சன் வேலை எல்லாம் அவளின்ரை கையிலை. வீட்டுக்குள்ளை வந்தாலும் மழைக்கோட்டைக் கழட்டமாட்டாள். பல்லுச் சிரிக்கும், கண் சிரிக்காது. அவள் என்ரை வீடு தேடி வந்தாள். 'மிஸ்டர் டில்லி' எண்டுதான் கூப்பிடுவாள். தில்லை, தில்லை எண்டு ரெண்டு தரம் சொல்லிக் குடுத்துப் பாத்தன். ஏறேல்லை. பேந்து விட்டிட்டன், டில்லியும் பெரிய ஊர்தானே.

வந்து இருந்து என்ன சொன்னாள் தெரியுமோ? 'மிஸ்டர் டில்லி, இந்தத் தொகுதியிலை தமிழ் வோட்டுத்தான் எங்களைக் காப்பாத்தும். அதுக்கு உங்களை விட்டால் ஆரிருக்கினம்?' நான் மெல்லமாய்க் கேட்டன், 'வாற மே மாசம் கவுன்சில் எலெக்சன் வருகுதல்லோ, இந்த வட்டாரத்துக்கு ஆர் நிக்கினம்?' அவள் சிரிச்சாள். 'நீங்கள் தமிழர் இருக்கிற ரோட்டுகளை எங்கட பக்கம் கொண்டு வாங்கோ, பேந்து நாங்கள் இருந்து கதைப்பம்' எண்டாள். அவ்வளவுதான், எனக்கு விளங்கியிட்டுது. கவுன்சிலர் தில்லையம்பலம்.

உமக்குச் சிரிப்பாயிருக்கும். எனக்குச் சிரிப்பில்லை. என்ரை ஐயா ஊரிலை கிராமசபைச் சேர்மன். எங்கட வீட்டுக்கு விலாசமே சேர்மன் வீடுதான், தபால்காரனுக்கு வேறை ஒண்டும் எழுதத் தேவையில்லை. இஞ்சை நான் ஆர்? பெற்றோல் செட் தில்லை. இருவது வருசம் பெற்றோல் செட்டிலை கண்ணாடிக்குப் பின்னாலை நிண்டு காசு வாங்கினதுக்கு எங்கட சனம் எனக்குத் தந்த பட்டம். வேலையை விட்டும் எத்தினை வருசமாச்சு, பட்டம் போகேல்லை. கோயிலிலையும் அப்பிடித்தான், செத்த வீட்டிலையும் அப்பிடித்தான். நான் செத்தாலும் நோட்டீசிலை அப்பிடித்தான் போடுவாங்கள். அந்தப் பேரை ஒருக்கால் அழிச்சுப்போட்டுச் சாகவேணும் எண்டு எனக்கு ஒரு ஆசை. பிழையோ?

அந்தக் கிழமையே வேறை ஒரு தொந்தரவும் வந்தது. பெரிய விசயமில்லை, சொல்லாமலும் விடலாம். இஞ்சை லைப்ரரிக்கு மேலை ஒரு மண்டபம் இருக்கு. சனிக்கிழமையிலை தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது அதிலைதான். கவுன்சில் அந்தக் கட்டிடத்தை விக்கப்போகுதாம். கவுன்சில் எங்கட கட்சியின்ரை கையிலை. உடனை வந்திட்டினம் என்ரை வீட்டுக்கு, தாய் தேப்பன்மார் ஒரு கூட்டம். செல்வநாயகி ரீச்சர் முன்னுக்கு. இந்தக் கேதீஸும்தான், தன்ரை ரெண்டு பெட்டைப் பிள்ளையளைக் கையிலை பிடிச்சுக்கொண்டு. 'அண்ணை, உங்களுக்குக் கட்சியிலை ஆக்களைத் தெரியும். ஒரு சொல்லுச் சொல்லி விடுங்கோ' எண்டு.

இவவும் தேத்தண்ணியைக் குடுத்திட்டு உள்ளுக்குப் போகாமல் கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. என்ரை மனுசி, மங்கை. அவ அங்கை அரிவரி படிப்பிக்கிறவ. பதினெட்டு வருசமாய் 'அ' எழுதக் காட்டுறா, பிள்ளையள் வீட்டை போய் இங்கிலீசு கதைக்குதுகள். அது வேறை கதை.

நான் என்ன செய்ய? பிலிப்பாவிட்டைப் போய் உந்த மண்டபக் கதையை எடுத்தால் என்ரை ரிக்கெற் என்னாகும்? எண்டாலும் வீடு தேடி வந்த சனத்துக்கு மூஞ்சையிலை அடிச்ச மாதிரி இல்லை எண்டு சொல்லேலுமோ? அது எங்கட பழக்கமில்லை. 'பாப்பம்' எண்டன். தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு எழும்பிச்சினம். விளங்கின ஆக்கள். வெள்ளைக்காரனுக்கெண்டால் உதை அரை நாள் இருத்தி வைச்சு விளங்கப்படுத்த வேணும். எங்களுக்கு ஒரு சொல்லுக் காணும். தமிழ் அப்பிடி ஒரு பாஷை.

பேந்து கன்வசிங் துவங்கினது. கதவு கதவாய்த் தட்டுற வேலை. நான் முன்னுக்கு, டங்கன் எனக்குப் பின்னாலை, பிலிப்பா போனும் கையுமாய் அவனுக்குப் பின்னாலை. ஆர் போடுவினம், ஆர் போடாயினம் எண்டு அவள் போனிலை அமத்திக்கொண்டு வருவாள். முதல் கதவு செல்வநாயகி ரீச்சர். டங்கன் 'வாணக்காம்' எண்டான். ஏதோ நோய்க்குப் பேர் மாதிரி. சப்பாத்தைக் கழட்டு எண்டு நான்தான் காலைக் காட்டினன். கழட்டினான் பாரும், சொக்ஸிலை ஓட்டை, பெருவிரல் வெளியிலை நிண்டு எல்லாருக்கும் வணக்கம் சொல்லுது. பார்லிமெந்துக்குப் போற மனுசன்! ரீச்சர் றோல்ஸ் பொரிச்சு வைச்சிருந்தவ. சுடச்சுடக் கடிச்சுப்போட்டு வாயைத் திறக்கவும் ஏலாமல் மூடவும் ஏலாமல் முழிசிக்கொண்டு இருந்தான்.

நான் கேட்டன், 'ரீச்சர், டங்கனுக்குத்தான் போடவேணும், என்ன?' ரீச்சர் என்னை ஒருக்கால் பாத்தா. 'பாப்பம் தம்பி' எண்டா.

வெளியிலை வந்தவுடனை பிலிப்பா கேட்டாள், என்ன சொன்னவ எண்டு. சொல்லுக்குச் சொல்லு நானும் சொன்னன். உடனை அவள் 'இன்னும் முடிவெடுக்கேல்லை' எண்டதிலை விரலைக் கொண்டு போறாள். நான் விட்டனோ? 'பொறு பிள்ளை' எண்டன். 'தமிழர் வாயாலை சத்தியம் பண்ணுற ஆக்கள் இல்லை. பாப்பம் எண்டால், உன்ரை முகத்தைப் பாத்து, உனக்காகச் செய்வம் எண்டு கருத்து. அது ஓமிலும் பெரிய ஓம்' எண்டன். 'அப்பிடியோ!' எண்டு ஆச்சரியப்பட்டு, ஓமிலை அமத்தினாள்.

ஏன் தம்பி அப்பிடிப் பாக்கிறீர்? ஓ, மண்டபக்காரருக்கு நான் சொன்ன பாப்பமோ? அது வேறை பாப்பம். சொல்லுற ஆளைப் பொறுத்ததல்லோ. என்னட்டை ஒருத்தன் வந்து கேக்கிறதும், நான் போய் ஒருத்தனைக் கேக்கிறதும் ஒண்டோ? நல்ல கதை.

அங்காலை ஒவ்வொரு கதவிலையும் அதுதான். பாப்பம் அண்ணை. பாப்பம் தில்லையண்ணை. கதவைத் திறக்க முந்தியே ஒருத்தன் யன்னலுக்குள்ளாலை, பாப்பம் எண்டான். அவ்வளவு ஆதரவு! மூண்டாவது ரோட்டிலை பிலிப்பாவே முந்திக்கொண்டு 'பாப்பம்?' எண்டு கேக்கத் துவங்கியிட்டாள். சனம் விழுந்து விழுந்து சிரிச்சு, 'பாப்பம், பாப்பம்' எண்டுதுகள். எங்கட பாஷையை வெள்ளைக்காரி கதைச்சால் எங்கட சனத்துக்கு அவ்வளவு புழுகம், அவ்வளவு சந்தோசம். இவன் கேதீஸும் என்ரை கன்னத்திலை சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டே சொன்னவன். சொன்னனீயோ இல்லையோடா? பாரும், தலையாட்டுறான்.

வீட்டிலையும் கேட்டன். அவ அடுப்படியிலை கறியைக் கிண்டிக்கொண்டு நிண்டா. 'மங்கை, டங்கனுக்குப் போட மறந்திடாதை' எண்டன். முகத்தைத் திருப்பாமலே 'பாப்பம்' எண்டா. கட்டின மனுசி சொன்னால் நான் அதை எப்பிடி எடுக்கிறது? ஓம் எண்டுதானே. கறிக்கு அண்டைக்கு உப்புக் கூட, அதையும் நான் பெரிசாய் எடுக்கேல்லை.

பிலிப்பா மேலிடத்துக்கு அறிவிச்சிட்டாள், தமிழ் ரோட்டுகள் எல்லாம் எங்கட பக்கம், இனி அங்கை ஒருத்தரும் மினக்கெடத் தேவையில்லை எண்டு. டங்கனைக் கொண்டுபோய் மற்றப் பக்கம் விட்டினம், நாய்க்குட்டியளைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க. அதுக்குத்தான் அவன் சரி.

மற்றக் கட்சிக்காரி ஜானிஸ் எண்டொருத்தி. நேர்ஸாய் இருந்தவளாம். அவள் என்ன செய்தாள், ஒரு சனிக்கிழமை தனியப் போய் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குள்ளை பூந்திட்டாள். இவவின்ரை அரிவரி வகுப்பிலை, சின்னப் பிள்ளையளின்ரை வாங்கிலை, முழங்கால் நாடியிலை முட்ட இருந்து 'அ' எழுதினவளாம். படம் போனுக்குப் போன் பறந்தது. அந்த 'அ'வை நானும் பாத்தன். நண்டு ஊர்ந்த மாதிரி. அதுக்குப் பக்கத்திலை என்ரை மனுசி நிண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறா. இந்த மண்டபத்தை விக்க விடன் எண்டு பிள்ளையளுக்கு முன்னாலை சொன்னவளாம். வோட்டுக்காக என்னவும் சொல்லுவினம், தம்பி. வெக்கம் கெட்ட சீவியம்.

எலெக்சன் அண்டைக்கு நான் வோட்டுப் போடுற இங்கிலீசுப் பள்ளிக்கூட வாசலிலை நிண்டன், கட்சி ரிபனைச் சட்டையிலை குத்திக்கொண்டு. எங்கட சனம் வந்தது பாரும், தேர்த் திருவிழாவுக்கு வந்த மாதிரி. சீலை உடுத்து, பூ வைச்சு, தள்ளுவண்டிலிலை கிழடுகளையும் ஏத்திக்கொண்டு. ஒரு நாளும் வோட்டுப் போடாததுகள் எல்லாம் வந்து நிக்குதுகள். 'போட்டாச்சு அண்ணை' எண்டு ஒவ்வொருத்தரும் என்னைப் பாத்துச் சிரிச்சுச் சொல்லிக்கொண்டு போகினம். ரீச்சர் என்ரை கையைப் பிடிச்சே சொன்னா. எனக்குக் கண் கலங்கியிட்டுது, உண்மையாய். உந்தச் சனத்தை எவ்வளவு கேவலமாய் நினைச்சிட்டம் எண்டு ஒரு செக்கன் நினைச்சன். பிலிப்பா ஓடி வந்து, 'மிஸ்டர் டில்லி, நீங்கள் மந்திரவாதி' எண்டாள்.

தோத்துப் போனம்.

பெரிய வித்தியாசமில்லை. ஒரு கலியாண மண்டபத்துக்குள்ளை கொள்ளுற சனம்தான். கலியாண மண்டபம் எண்டு நான் சும்மா சொன்னனான், கேதீஸ், நீ சிரிக்காதை. உவன் சொல்லுறான், மண்டபத்தாலைதான் தோத்ததாம். பெரிய அரசியல் விஞ்ஞானி. தோத்தது டங்கனாலை. அவன்ரை ஹெதர்போர்டாலை, அவன்ரை பெருவிரலாலை. வெள்ளைக்காரச் சனம்தான் காலை வாரினது. எங்கட சனம் எனக்குச் சொன்னதை அப்பிடியே செய்தது, அதிலை ஒரு குறையும் சொல்லமாட்டன்.

டங்கனோ, ஏதோ கோட்டுக் கொழுவுற ஸ்ராண்டைத் தாண்டுற மாதிரி என்னைத் தாண்டிக் கையை நீட்டி, ஆரோ ஒருத்தனுக்குக் கைகுடுத்திட்டுப் போட்டான். குதிரை மேய்க்கட்டும்.

மண்டபத்தை இப்ப விக்கேல்லையாம். கவுன்சிலுக்குப் பயம் பிடிச்சிட்டுது, மே மாசம் வருகுதல்லோ. இவ சனிக்கிழமை விடிய எழும்பித் தலை தோஞ்சு, சோக்குப் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளிக்கிடுற சந்தோசத்தைப் பாக்க எனக்குப் பத்தியெரியுது. நான் தோத்துப்போய்ப் படுத்திருக்கிறன், அவ பாட்டுப் படிச்சுக்கொண்டு சீலைக்குப் பின் குத்துறா. ஒரு நாள் கேட்டுப்போட்டன், 'நீ ஆருக்கடி போட்டனீ?' எண்டு. 'அது இரகசியமப்பா. சட்டம் அப்பிடித்தானே' எண்டா. சட்டம்! எனக்குச் சட்டம் படிப்பிக்கிறா, அரிவரிக்காரி.

சரி, தோத்தது அவையள். எனக்கென்ன? என்ரை கணக்கு மே மாசத்தோடை. ஒருத்தரும் கூப்பிடேல்லை எண்டு, போன கிழமை நானே கட்சிக் கந்தோருக்குப் போனன். கோட்டு சூட்டுப் போட்டு, ரை கட்டிப் போனன். பிலிப்பா மிச்ச நோட்டீசுகளைப் பெட்டியிலை அடுக்கிக்கொண்டு நிண்டாள், மழைக்கோட்டோடை. இரும் எண்டு சொல்லேல்லை, வேலை மும்மரம். நான் நிண்டபடியே சொன்னன், 'பிலிப்பா, நான் என்ரை பங்கைச் செய்தனான். தமிழர் எவ்வளவு பேர் வந்து போட்டவை எண்டு நீரே கண்ணாலை கண்டனீர். மே மாசத்து ரிக்கெற் என்ன மாதிரி?'

அவள் பெட்டியை மூடினாள். நிமிந்து என்னைப் பாத்தாள். சொன்னால் நம்பமாட்டீர் தம்பி, அண்டைக்குத்தான் முதல்முதல் அவளின்ரை கண் சிரிச்சதைக் கண்டன்.

'பாப்பம், மிஸ்டர் டில்லி' எண்டாள்.

தமிழிலை! ஒரு எழுத்துப் பிசகாமல்! ரோட்டு ரோட்டாய் அவளைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சதுக்கு எனக்கு அது காணும். டங்கனுக்கு வணக்கம் சொல்லத் தெரியேல்லை, இவள் எங்கட பாஷையிலை எனக்கு மறுமொழி சொல்லுறாள். புழுகம் தாங்காமல் வீட்டை போய் இவவுக்குச் சொன்னன். இவ கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவ, பைப்பைப் பூட்டிப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தா.  கொஞ்சத்தாலை நான் கேக்காமலே தேத்தண்ணி ஊத்திக் கொண்டுவந்து பக்கத்திலை வைச்சா. இஞ்சி போட்டு. எனக்குக் காய்ச்சல் வந்தால்தான் இவ இஞ்சி போடுறது.

என்ன கேதீஸ், ஏன் கத்தரிக்கோலை நிப்பாட்டினனீ? வெட்டு, வெட்டு. அந்த மனுசன் அரைத் தலையோடை இருக்கிறார்.

நீரென்ன தம்பி குனிஞ்சுகொண்டு இருக்கிறீர்? நீங்கள் ரெண்டு பேரும் என்ன நினைக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாதோ? நான் தமிழன்தானே. ஆனால் அவள் வெள்ளைக்காரி. அவளுக்கு அந்தக் கருத்துத் தெரியாது. ஓமிலும் பெரிய ஓம் எண்டு நான்தானே சொல்லிக் குடுத்தனான். நான் சொல்லிக் குடுத்த கருத்துத்தானே அவளுக்குத் தெரியும்? வேறை ஆர் அவளுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்திருக்கப் போகினம்? எலெக்சன் முடிவைப் பாத்து ஒருத்தி தமிழ் படிக்கேலுமோ?

படிக்கேலாது.

சரி, அவற்றை மிச்சத் தலையும் முடிஞ்சுது, என்ரை முறை வந்திட்டுது. பின்பக்கம் கட்டையாய் வெட்டடாப்பா, நோட்டீசுக்குப் படம் எடுக்க வேணும்.

தம்பி, ஒண்டு. மே மாசம் நான் உங்கட கதவைத் தட்டினால், எனக்குப் போடுவியளோ? யோசிக்காதேங்கோ. ஓமெண்டால் ஓமெண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டால் இல்லையெண்டே சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன். அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதேங்கோ.